யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் கிறிஸ்தவ வரலாற்று நாவல்களைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. இப்படி ஒரு வகை நாவல் இருப்பதையே நம் பத்திரிகைகள் கண்டுகொள்வதில்லை. அதற்கு முதலில் நன்றி. நிறம், இனம் எல்லாவற்றையும் தாண்டிய நட்பை இந்த நாவல்கள் அளவுக்கு அழகாக வேறு யாரும் சொன்னதில்லை என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். அந்த இடம்தான் எனக்கு இடிக்கிறது. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். இப்போது எங்கள் கோயில் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். நூலகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பாடகர் குழுவின் அங்கிகள் தொங்குகிற அறையில் இரண்டு இரும்பு அலமாரிகள், அவ்வளவுதான். அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளிலிருந்து அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்குவதில் பாதிக்கு மேல் இந்த நாவல்கள்தான். அட்டையில் தொப்பியின் நாடாவைத் தாடைக்குக் கீழே முடிந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் நிற்பாள். அவளுக்குப் பின்னால் பருத்திக் காடு, இல்லையென்றால் கோதுமை வயல். சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஐக்கியக் கூட்டம் முடிந்ததும் இவற்றில் ஒன்றை எடுத்துத் தமிழில் கதையாகச் சொல்வேன். வாராவாரம் தொடர்கதை. டிவி சீரியலை விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு என்பதைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்லிக்கொள்கிறேன்.

அடிமை முறை இருந்த அமெரிக்காவை வைத்து எழுதப்பட்டவற்றில் கதையின் போக்கு பெரும்பாலும் ஒன்றுதான். பண்ணையாரின் மகள். அவளோடு ஒரே வயதில் வீட்டு வேலைக்காரியின் மகள். சிறுவயதில் இருவரும் ஆற்றங்கரையில் விளையாடுகிறார்கள். சின்ன எசமானி மற்றவளுக்கு ரகசியமாக எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். மற்றவள் இவளுக்கு ஜெபிக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். இவளுக்குக் காதல், கலக்கம், விசுவாசத்தில் தடுமாற்றம். அப்போதெல்லாம் மற்றவள் வந்து ஒரு வேத வசனம் சொல்லிக் கண்ணீரைத் துடைக்கிறாள். கடைசியில் உள்நாட்டுச் சண்டை முடிகிறது, விடுதலை வருகிறது, இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். இவளுக்குக் கல்யாணம்.

இப்படி ஒரு கதையை நான் சொல்லி முடித்தபோது, பின்வரிசையில் தரையில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டே கேட்கிற ஒரு ஆச்சி தலையைத் தூக்கினாள். "அந்தக் கருத்தப் பிள்ளைக்கு வீடு எங்கன்னு கதைல வரவே இல்லையே டீச்சர்?"

புரட்டிப் பார்த்தேன். வரவில்லைதான். முந்நூற்றுச் சொச்சம் பக்கங்களில் பண்ணையார் வீட்டு மாடிப்படியின் கைப்பிடி எந்த மரம் என்பது வரைக்கும் இருக்கிறது. மற்றவள் ராத்திரி எங்கே போய்ப் படுத்தாள், அவளுக்கு அண்ணன் தம்பி உண்டா, அவர்களில் யாரையாவது விற்றுவிட்டார்களா, ஒன்றும் இல்லை. தேவைப்படும்போது சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வருவாள், வேலை முடிந்ததும் போய்விடுவாள். அவளுடைய ஜெபத்தில்கூட அவள் அம்மா பெயர் வரவில்லை, சின்ன எசமானியின் பெயர்தான் வருகிறது. இதை நட்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு ஆளுடைய ஆத்தும சுகத்துக்கு இன்னொரு ஆள் ஊழியம் செய்கிற கதை இது.

உண்மை வரலாற்றில் இப்படிப்பட்ட நட்புகள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருந்தன, நாவல்களில் வருவதைவிடப் பல மடங்கு சுவையாகவும் இருந்தன. ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்தில் அடிமைகளை வைத்திருந்த ஒரு நீதிபதியின் மகள்கள் சாரா கிரிம்கே, ஏஞ்சலினா கிரிம்கே. அடிமை முறையைச் சகிக்க முடியாமல் வடக்கே பிலடெல்பியாவுக்கு வந்து குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்தார்கள். குவேக்கர்கள் என்றால் அடிமைத்தனத்தை எதிர்த்தவர்கள் என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம், நானும் அப்படித்தான் நடத்தினேன். அது உண்மையும்கூட. ஆனால் பிலடெல்பியாவின் ஆர்ச் தெரு ஆராதனைக் கூடத்தில் கறுப்பர்களுக்கென்று தனி பெஞ்சு இருந்தது. சாரா மாப்ஸ் டக்ளஸ் என்ற கறுப்பினப் பள்ளி ஆசிரியையும் அவருடைய தாய் கிரேஸ் டக்ளஸும் அந்த பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவர்கள். மகளுக்கு ஒரு கட்டத்தில் பொறுக்கவில்லை, போவதை நிறுத்திவிட்டார். தாய் நிறுத்தவில்லை. வாரம் ஒருமுறை அம்மா போகிறார், பலமுறை ஒரு நீள பெஞ்சு முழுவதும் அவருக்கு மட்டுமே கிடைக்கிறது என்று 1837-ல் ஒரு கடிதத்தில் மகள் எழுதுகிறார். யாரும் பக்கத்தில் உட்காரவில்லை என்பதை எவ்வளவு நாசூக்காகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள்.

கிரிம்கே சகோதரிகள் போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இரண்டு சாராக்களுக்கும் இடையில் அதற்குப் பிறகு பல்லாண்டுக் காலம் கடிதப் போக்குவரத்து நடந்தது. 1838 மே 14 அன்று ஏஞ்சலினாவுக்குக் கல்யாணம். கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒன்றாக உட்கார்ந்த கல்யாணம் அது. டக்ளஸ் தாயும் மகளும் வந்திருந்தார்கள். கேக்கைச் செய்தவர் ஒரு கறுப்பினத்தவர். அடிமைகள் உழைப்பில் விளையாத சர்க்கரையைத் தேடி வாங்கித்தான் அதைச் செய்தார்கள். மூன்றாம் நாள், மே 17 இரவு, அடிமை ஒழிப்புக்காரர்கள் புதிதாகக் கட்டித் திறந்திருந்த பென்சில்வேனியா மண்டபத்தை ஒரு வெறிக்கூட்டம் கொளுத்திவிட்டது. முந்தின நாள்தான் ஏஞ்சலினா அங்கே பேசியிருந்தார், வெளியிலிருந்து ஜன்னலில் கல் விழுந்துகொண்டிருக்கும்போதே. குவேக்கர் சபையும் தன் பங்குக்குச் சகோதரிகள் இருவரையும் விலக்கி வைத்தது. சபைக்கு வெளியே கட்டிக்கொண்டதற்காகத் தங்கையை, அந்தக் கல்யாணத்தில் போய் உட்கார்ந்ததற்காக அக்காவை.

இதில் எந்த ஜோடனையும் தேவையில்லாமல் ஒரு நாவல் இருக்கிறது. அம்மா ஏன் தொடர்ந்து போனார், மகள் ஏன் நிறுத்தினார், இரண்டு பேரும் வீட்டில் அதைப் பற்றி என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் பல ராத்திரி யோசித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை, எங்கள் அட்டைப்பெட்டிகளில் வந்த எந்த நாவலும் அந்த பெஞ்சுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அமெரிக்காக்காரர்களைக் குறை சொல்லிவிட்டு நம் வீட்டைப் பார்க்காமல் இருக்க முடியாது. கட்டுரையாளர் 'நம் மண்ணிலும் இத்தகைய நாவல்கள் உண்டு' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார். அந்த ஒரு வரியைக் கொஞ்சம் விரித்துச் சொல்லலாம் என்று பார்க்கிறேன், ஏனென்றால் நான் இருப்பது பாளையங்கோட்டை.

இங்கே 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். கட்டியவர் கிளாரிந்தா. தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமண விதவை. கணவன் சிதையில் ஏறவிருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி மீட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அவரோடுதான் வாழ்ந்தார், வேதத்தையும் ஆங்கிலத்தையும் அவரிடமே கற்றார். ஞானஸ்நானம் கேட்டபோது, முறைப்படி கல்யாணமாகாமல் அவரோடு இருக்கும்வரை தர முடியாது என்று ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு 1778-ல் கொடுத்தார். 1785-ல் கோயில் பிரதிஷ்டை ஆனது. இந்தக் கதையை 1915-ல் ஆங்கிலத்தில் வரலாற்று நாவலாக எழுதியவர் அ. மாதவையா. நம் பெருங்குளத்துக்காரர். கிறிஸ்தவர் இல்லை. உப்பு, சுங்க இலாகாவில் வேலை பார்த்தவர். 'கிளாரிந்தா' என்பதே நாவலின் பெயர். தமிழிலும் கிடைக்கிறது, எங்கள் அலமாரியில் ஒரு பிரதி இருக்கிறது, முதுகு கிழிந்து காக்கித்தாள் ஒட்டியது.

மாதவையாவை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு விதவையின் மனசை அந்தக் காலத்தில் அவ்வளவு அக்கறையோடு எழுத எத்தனை பேருக்கு மனம் வந்தது? ஆனாலும் அந்தக் கதையின் அஸ்திவாரத்தைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். வெள்ளைக்காரர் மீட்கிறார், இவர் மீட்கப்படுகிறார். அவர் கற்றுக்கொடுக்கிறார், இவர் கற்றுக்கொள்கிறார். அவர் சொத்தை விட்டுச் செல்கிறார், இவர் அதை நல்ல காரியத்துக்குச் செலவிடுகிறார். இரண்டு பேருக்கும் இடையில் அன்பு இருந்திருக்கும், சந்தேகமில்லை. நாவலாசிரியர் கட்டிய அமைப்பும் இல்லை இது, வரலாற்றிலேயே அப்படித்தான் கிடக்கிறது. ஆனால் கொடுக்கிற கை எப்போதும் ஒரே கையாக இருக்கிற இடத்தில் நட்பு என்ற பேச்சை எடுக்கும் முன் கொஞ்சம் நிதானிக்கலாம்.

தஞ்சாவூர்க் கோட்டைக்குள் சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டியிருக்கிற கோயிலுக்கு மாணவிகளை ஒருமுறை அழைத்துப் போயிருக்கிறேன். அங்கே ஆங்கிலச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. சுவார்ட்ஸ் ஐயர் மரணப் படுக்கையில் கிடக்கிறார். சரபோஜி மன்னர் அவர் கையைப் பிடித்தபடி நிற்கிறார். பக்கத்தில் இன்னொரு மிஷனெரியான கெரிக்கே ஐயரும் பள்ளிப் பிள்ளைகளும். மன்னரே காசு கொடுத்து லண்டனில் செய்யச் சொன்னது, மன்னரே எழுதிய ஆங்கிலக் கவிதையும் உண்டு. ஒரு மராட்டிய ராஜா ஒரு ஜெர்மானியப் பாதிரியாருக்கு இப்படி ஒரு நினைவுச்சின்னம் வைத்தது உலகத்திலேயே அபூர்வம். பிள்ளைகள் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருத்தி, "மிஸ், ராஜா ஏன் அழுகிற மாதிரி இல்ல?" என்று கேட்டாள். நாவல் எழுதுகிறவர்கள் இந்தச் சிற்பத்தோடு நிறுத்திவிடுவார்கள். கதை சிற்பத்துக்குப் பிறகும் ஓடுகிறது. சுவார்ட்ஸ் இறந்தது 1798 பிப்ரவரி. அதே ஆண்டு சரபோஜிக்குப் பட்டாபிஷேகம். அடுத்த ஆண்டே, 1799-ல், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கம்பெனி நாட்டின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. ராஜாவுக்குக் கோட்டையும் ஒரு வருமானமும் மிஞ்சின. பெற்ற பிள்ளை மாதிரி காப்பாற்றி அரியணை வரை கொண்டுவந்தவர் அந்த ஐயர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கல்லைச் செதுக்கக் கொடுத்த நேரத்தில் அந்த ராஜாவின் மனசில் என்னவெல்லாம் ஓடியிருக்கும்? நன்றி மட்டும்தானா? அதை எழுதத் துணிகிறவரே வரலாற்று நாவலாசிரியர்.

சரி, நம் பக்கத்தில் நட்பு என்பதை நேராகக் கேட்டு வாங்கப் பார்த்த ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி நாவல் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1910 ஜூனில் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள். அவர்களில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அதில் நம் ஊர்ப்பக்கத்துக் கிராமக் குருவானவரின் மகன், முப்பத்தைந்து வயதுக்காரர், எழுந்து பேசினார். பேசச் சொன்ன தலைப்பு அயல்நாட்டு ஊழியர்களுக்கும் உள்நாட்டு ஊழியர்களுக்கும் இடையே ஒத்துழைப்பு. நம் ஆட்கள் இப்படி ஒரு மேடை கிடைத்தால் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். நன்றியறிதல், வாழ்த்து, பொன்னாடை. அவர் என்ன செய்தார் தெரியுமா? இனங்களுக்கு இடையிலான உறவுதான் இன்று சபையின் முன் நிற்கும் பெரிய பிரச்சினைகளில் ஒன்று என்று ஆரம்பித்தார். மிஷனெரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவில் ஒரு விலகல் இருக்கிறது, மனம்விட்டுப் பழகுவது இல்லை என்று அத்தனை மிஷனெரிகளையும் முன்னால் வைத்துக்கொண்டு சொன்னார். முடிக்கும்போது சொன்னதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: ஏழைகளுக்கு அன்னமிட உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், சுட்டெரிக்கப்பட உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்.

வேதத்தில் ஒன்று கொரிந்தியர் பதின்மூன்றாம் அதிகாரத்தை மனப்பாடமாகச் சொல்கிற எந்தத் திருநெல்வேலிக் கிறிஸ்தவருக்கும் அந்த அடி எங்கே விழுந்தது என்று விளங்கும். யாவற்றையும் அன்னதானம் பண்ணினாலும், சரீரத்தைச் சுட்டெரிக்கப்படக் கொடுத்தாலும், அன்பு இல்லாவிட்டால் பிரயோஜனம் ஒன்றுமில்லை என்பதுதானே அந்த வசனம். நீங்கள் பிரசங்கித்த வசனத்திலேயே உங்களுக்கு ஒரு பாக்கி இருக்கிறது என்று மரியாதை குறையாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கூட்டத்தில் பலருக்கு முகம் சிவந்தது.

இதில் எனக்குப் பிடித்த இன்னொரு ஆள் உண்டு, சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட். (தத்துவஞானியும் கணித மேதையுமான ஆல்ஃபிரட் நார்த் ஒயிட்ஹெட்டின் அண்ணன்தான். இவர் நம் கிராம தெய்வங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.) மறைக்காமல் பேசுங்கள் என்று அசரியாவைத் தூண்டியவர் அவர். அதோடு விடவில்லை. அசரியாவைப் பேராயராக்கியே தீருவது என்று நின்றார். முதலில் திருநெல்வேலியிலேயே உதவிப் பேராயராக வைக்க நினைத்தார். இங்கிருந்த வெள்ளைக்கார மிஷனெரிகள் ஒரு இந்தியரின் கீழ் வேலை செய்வதா என்று எதிர்த்தார்கள். நம் ஆட்களிலும் எதிர்த்தவர்கள் இருந்தார்கள், அதையும் மறைக்க வேண்டாம். கடைசியில் நிஜாம் ராஜ்ஜியத்துத் தோர்ணக்கல்லுக்கு அனுப்பினார்கள். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அபிஷேகம். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல்முறை. ஒயிட்ஹெட்டுக்குச் சக வெள்ளையர்களிடம் இதனால் எவ்வளவு மனக்கசப்பு வந்திருக்கும், அசரியாவுக்குச் சொந்த ஊரே தன்னை வேண்டாம் என்றபோது எப்படி இருந்திருக்கும், அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிட உட்கார்ந்தபோது என்ன பேசியிருப்பார்கள்? இதுதான் இனம் தாண்டிய நட்பின் கதை. இருவருக்கும் செலவு இருந்தது, இருவரும் கொடுத்தார்கள்.

டெல்லியில் இதற்கு ஆறு வருஷம் முன்னால் நடந்ததும் இதே ரகம். தூய ஸ்தேவான் கல்லூரி முதல்வர் நாற்காலி ஆங்கிலேயப் பாதிரியார் சி. எஃப். ஆண்ட்ரூஸுக்குத்தான் என்று பலர் நினைத்திருக்க, தன்னைவிட மூத்தவரும் தகுதியானவருமான சுசீல் குமார் ருத்ராவுக்கே அது போக வேண்டும் என்று ஆண்ட்ரூஸ் பிடிவாதம் பிடித்தார். 1906-ல் ருத்ரா முதல்வரானார், முதல் இந்திய முதல்வர். கீழே வேலை பார்த்தவர் ஆண்ட்ரூஸ். நட்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் நாற்காலி யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால் போதும்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். நம் நாவல்களிலும் கிறிஸ்துமஸ் நாடகங்களிலும் வெள்ளையர், இந்தியர் என்று இரண்டு கட்சி மட்டும்தான் வரும். உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும் ஒரே கூட்டமாக ஒரு பக்கம் நின்று கைகூப்புவார்கள். 1780-ல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபையின் முதல் பதிவேட்டில் நாற்பது பேர். அந்த நாற்பது பேரும் பதின்மூன்று சாதிகள். கிளாரிந்தா அதில் ஒருவர். எவ்வளவு சின்னச் சபை, எத்தனை சுவர்! பிராமண விதவையின் பக்கத்தில் அந்தக் கோயில் தரையில் யார் உட்கார்ந்தார்கள்? நற்கருணைப் பாத்திரம் யாரிடமிருந்து யாருக்குப் போனது? அரை நூற்றாண்டு கழித்தும் இது தீரவில்லை. தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் சாதிவாரியாகத்தான் உட்கார்ந்தார்கள். 1833-ல் கல்கத்தாப் பேராயர் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபைக்குள் அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். நாம் இன்றும் உருகி உருகிப் பாடுகிற கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கத்தின் பக்கம் நின்று எழுதியவர். அவர் பாட்டைப் பாடும்போது எனக்கும் கண் கலங்கும், அதில் மாற்றமில்லை. அதற்காக இதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? இந்த விஷயத்தில் வெள்ளைக்காரப் பேராயர் சரி, நம்மவர்கள் தவறு. அசரியா விஷயத்தில் வெள்ளைக்கார மிஷனெரிகள் தவறு. ஒரே பக்கம் நல்லவர்களும் ஒரே பக்கம் கெட்டவர்களும் கிடைக்காததால்தான் இதை எழுத ஆள் வருவதில்லையோ என்னவோ.

எங்கள் ஊர்களில் அசனப் பண்டிகை உண்டு. கோயில் வளாகத்தில் பெரிய அண்டாக்களில் சோறும் குழம்பும் பொங்கி, வந்தவர்கள் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். சின்ன வயதில் எனக்கு அது வெறும் சாப்பாடு. வரலாறு படித்த பிறகுதான், ஒரே பந்தி என்பதற்கு எத்தனை சண்டை நடந்திருக்க வேண்டும் என்று உறைத்தது. இன்றைக்கும் எல்லா இடத்திலும் அந்தச் சண்டை முடிந்துவிட்டது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆகவே கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு நாவலைப் பாராட்டுவதற்கு முன்னால், எங்கள் ஆச்சி கேட்ட மாதிரி சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். மற்ற ஆளுக்கு வீடு இருக்கிறதா? அந்த வீட்டுக்கு இவர் போனாரா, அங்கே கொடுத்த காப்பியைக் குடித்தாரா? இரண்டு பேருக்கும் சண்டை வந்ததா? மன்னிப்புக் கேட்டது யார், எப்போதும் ஒரே ஆளா? இந்த நட்பால் இவருக்கு வேலை போனதா, சபை விலக்கியதா, குறைந்தபட்சம் ஒரு மாமியாராவது முகம் சுளித்தாரா? எதுவுமே நடக்கவில்லை என்றால் அது நட்பைப் பற்றிய நாவல் இல்லை. நல்ல காதல் கதையாக இருக்கலாம், நானும் விரும்பிப் படிப்பேன், சனிக்கிழமை சொல்லவும் செய்வேன்.

தமிழில் எழுதுகிற இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால், எடின்பரோ மாநாட்டின் அறிக்கைகள் ஒன்பது தொகுதிகளாக அச்சாகியிருக்கின்றன, இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அசரியாவின் பேச்சு ஒன்பதாவது தொகுதியில். கால்டுவெல் ஐயர் 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலி மிஷன் வரலாற்றில் கிளாரிந்தா கதையும் அந்த நாற்பது பேர் விவரமும் உண்டு. வேலைக்கு உட்கார வேண்டியதுதான் பாக்கி.

இன்னொன்று. கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில் அசரியாவைத் தெலுங்கர் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். தோர்ணக்கல்லில் பேராயராக இருந்ததால் வந்த குழப்பமாக இருக்கும். அவர் 1874-ல் பிறந்தது வெள்ளாளன்விளையில். இப்போது தூத்துக்குடி மாவட்டம். தெலுங்கை அங்கே போய்க் கற்றுக்கொண்டார். அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். எங்கள் ஐக்கியத்தில் வெள்ளாளன்விளையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். பத்திரிகை வந்த அன்று காலையிலேயே, நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்று நினைத்து என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.